ட்யூபில் பால் குடிக்கும் குழந்தையை வாயால் சாப்பிடப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகன் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டான். கோவையில் ஒரு மருத்துவமனையில் இரண்டரை மாதம் வைத்திருந்து, மூக்கில் ட்யூபோடு கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு வயது முடிந்ததும் மூக்கு ட்யூபை எடுத்துவிட்டு வயிற்றில் ட்யூப் வைத்தார்கள். அதில் பால் விடுவதை முழுதாக நிறுத்தியபோது அவனுக்கு இரண்டே முக்கால் வயது. இப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு போகிறான்.

தெரபிக்குக் காத்திருக்கும் பெஞ்சில் அந்தியூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த அம்மாக்களோடு பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அவற்றையே கேட்டவள். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எங்கள் குழந்தை மருத்துவரும் பேச்சு தெரபிஸ்டும் சொல்லிக்கொடுத்ததும், அதை வீட்டில் செய்து பார்த்ததில் நான் கற்றதும்தான் இதில் இருக்கிறது. உங்கள் குழந்தைக்கு எது சரி என்பதை அவனைப் பரிசோதித்தவர்களிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எதனால் சில குழந்தைகளுக்கு ட்யூப் வைக்கிறார்கள்?

பாலை உறிஞ்சுவது, விழுங்குவது, இடையில் மூச்சு விடுவது, இந்த மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் செய்யும் பக்குவம் கருவில் 32 முதல் 34 வாரத்துக்கு மேல்தான் வருகிறது. அதற்கு முன்பே பிறந்த குழந்தைக்கு வாயில் பால் விட்டால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். அண்ணப்பிளவு, உணவுக்குழாய் சரியாகச் சேராமல் பிறப்பது, பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்படுவது, பால் குடிப்பதற்குள் களைத்துப்போகிற அளவுக்கு இதயக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. கொஞ்ச நாள் தேவை என்றால் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ட்யூப். நம் ஆஸ்பத்திரிகளில் ரைல்ஸ் ட்யூப் என்பார்கள். மாதக்கணக்கில் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றிலேயே சிறு துளை போட்டு வைப்பார்கள்.

வயிற்றில் ட்யூப் வைக்கலாம் என்று சொன்ன அன்று நான் அழுதுகொண்டே இருந்தேன். ஆனால் மூக்கு ட்யூப் போனதும் அவன் முகத்தில் பிளாஸ்திரி இல்லை, தொண்டையில் உறுத்தல் இல்லை. அப்புறம்தான் அவன் வாயைத் தொடவே விட்டான்.

பசி எடுத்தால் தானாகச் சாப்பிட மாட்டானா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. "ரெண்டு நாளைக்குப் பாலை நிறுத்துங்க, தானா வாயைத் திறப்பான்" என்று எங்கள் ஊரில் எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கில்லை.

பிறந்த குழந்தை உறிஞ்சுவது அனிச்சைச் செயல். நான்கு மாதம் வாக்கில் அது மெல்ல மறைந்துவிடும். அதன் பிறகு சாப்பிடுவது நடப்பது போல, பேசுவது போல, பழகிப் பழகி வர வேண்டிய விஷயம். மற்ற குழந்தைகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பழகிக்கொண்டிருந்த காலத்தில் நம் குழந்தை பழகவே இல்லை. அது மட்டுமா? அவன் வாயருகே வந்ததெல்லாம் என்ன? சளி உறிஞ்சும் குழாய், பிளாஸ்திரி, ட்யூப் மாற்றும்போது வரும் குமட்டல், வாந்தி. பால் எப்போதும் மணி அடித்தாற்போல இரண்டு மணிக்கொரு தரம் வயிற்றில் போய் விழுந்ததால் பசி என்றால் என்ன என்பதும் அவனுக்குத் தெரியாது. பசியையும் வாயையும் சேர்த்துப் பார்க்க அவனுக்கு வழியே இருந்ததில்லை.

அதனால் பட்டினி போட்டால் அவன் வாயைத் திறக்கப்போவதில்லை. சோர்ந்து படுத்துவிடுவான், நீர்ச்சத்து குறையும், சர்க்கரை இறங்கும். பசி ஒரு கட்டத்தில் உதவும்தான், அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வாயைப் பற்றிய பயம் போக வேண்டும். இத்தனை வருடத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இதுதான்: அவன் விருப்பமில்லாமல் அவன் வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள்.

எப்போது தொடங்கலாம்?

எந்தக் காரணத்துக்காக ட்யூப் வைத்தார்களோ அது சரியாகியிருக்க வேண்டும், அல்லது கட்டுக்குள் இருக்க வேண்டும். எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்க வேண்டும். விழுங்குவது பாதுகாப்பாக நடக்கிறதா என்று தெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். புரை ஏறினால் இருமல் வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சில குழந்தைகளுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அடிக்கடி சளி, காய்ச்சல், நிமோனியா என்று வந்துகொண்டிருந்தால், விழுங்கிய பிறகு குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்டால், கண்ணில் நீர் வந்தால், உதடு நிறம் மாறினால், உடனே வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, அது எந்த வழியாகப் போகிறது என்று எக்ஸ்ரேயில் வீடியோவாகவே பார்ப்பார்கள். என் மகனுக்கு ஒன்றேகால் வயதில் பார்த்தபோது தண்ணீர் போன்ற பதம் மூச்சுக்குழாய்க்குள் போனது, கெட்டியான பதம் போகவில்லை. அந்த ஒரு பரிசோதனை எங்களுக்குப் பாதையே போட்டுக் கொடுத்தது.

மலச்சிக்கல், எதுக்களிப்பு, இரும்புச்சத்துக் குறைவு மூன்றும் பசியைக் கெடுக்கும். அவற்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

"வாயில் ஒன்றுமே கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை சும்மா இருப்பதா?

சும்மா இருக்க வேண்டாம். எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது ட்யூபைச் சுத்தம் செய்வது, சிரிஞ்சைப் பிடிப்பது, பாலின் அளவு எல்லாம் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வாயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த எட்டு மாதம் வீணாகப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

உணவு கொடுக்காமலே வாயைப் பழக்கலாம். ட்யூபில் பால் போகும் நேரத்தில் அவனை மடியில் உட்கார வைத்து, அவன் கையையே அவன் வாயில் வைக்க விடுங்கள். சுத்தமான ரப்பர் பொம்மையைக் கடிக்கக் கொடுங்கள். வயிறு நிறைவதும் வாய் அசைவதும் ஒரே நேரத்தில் நடந்தால் மூளை இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். வாயால் சாப்பிடாத குழந்தைக்கும் தினம் இரண்டு வேளை பல்லும் ஈறும் துலக்க வேண்டும். வாயில் கிருமி சேர்ந்தால் அது எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும்.

சங்கில் ஊற்றினால் என்ன? நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?

நான் செய்த பெரிய தப்பு இதுதான். அவனுக்குப் பத்து மாதம் இருக்கும்போது, ஊருக்கு வந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள் என்று, காலை நீட்டி உட்கார்ந்து அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கில் பால் புகட்டினேன். நான்கு நாள் செய்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல். பெருந்துறை வரைக்கும் ஆம்புலன்ஸில் போனோம். நிமோனியா. ஒன்பது நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த பிறகு சங்கைப் பார்த்தாலே உடம்பை விறைத்துக்கொண்டு அழுவான். அப்புறம் ஸ்பூனைப் பார்த்தாலும் அழுதான். அந்த நான்கு நாளைச் சரிசெய்ய எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது.

சங்கோ, பாலாடை என்கிற மூக்கு வைத்த சிறு கிண்ணமோ கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்சுகளே பாலாடையில் பால் கொடுப்பார்கள். அவர்கள் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரத்தில் வைத்து, அது தானாக உறிஞ்சுவதற்குக் காத்திருப்பார்கள். படுக்க வைத்துத் தொண்டைக்குள் ஊற்றுவது வேறு. விழுங்கத் தெரியாத குழந்தைக்கு அதைச் செய்யவே கூடாது.

தொக்கம் எடுத்தால் சரியாகும் என்கிறார்களே?

வேண்டாம். தொண்டையில் விரலை விடுவதும், குழாய் வைத்து ஊதுவதும் உறிஞ்சுவதும் இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து. அவன் தொண்டையில் எதுவும் சிக்கியிருக்கவில்லை. குடல் தட்டுவதும் அப்படித்தான், வயிற்றில் ட்யூப் இருக்கும் குழந்தைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். கோயிலில் கயிறு கட்டுவது உங்கள் மன ஆறுதலுக்கு என்றால் கட்டிக்கொள்ளுங்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை. நானும் பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டவள்தான்.

வீட்டில் தினமும் என்னதான் செய்தீர்கள்?

முதல் இரண்டு மாதம் உணவே இல்லை, விளையாட்டுத்தான். தரையில் பாய் விரித்து அகலமான போசியில் ராகி மாவைக் கொட்டி விடுவேன். முதலில் கையை இழுத்துக்கொண்டான். பத்துப் பதினைந்து நாளில் அளைந்தான். அப்புறம் ஈர மாவு, அப்புறம் ஆறின ராகிக் களி, அப்புறம் குழைந்த சாதம். கையில் ஒட்டுவதைச் சகித்துக்கொள்ளாத குழந்தை நாக்கில் ஒட்டுவதைச் சகிக்காது என்று தெரபிஸ்ட் சொன்னார். பாதத்தில் தொடங்கி, கை, தோள், கன்னம், கடைசியில் உதடு என்று விளையாட்டாகத் தொட்டுப் பழக்கினோம். அவன் முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கூடவே, வீட்டில் யார் சாப்பிட்டாலும் அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் ஒரு வட்டல். அதில் ஒரு ஸ்பூன் அரிசிம்பருப்பு, கொஞ்சம் நெய். சாப்பிடச் சொல்லவில்லை. தாளிக்கும் வாசனை வரும்போதே ட்யூப் பாலை எடுத்து வைப்பேன், நாங்கள் சாப்பிடும் அதே நேரத்தில் அவனுக்கும் பால் போகும். ஒருநாள் அவன் அப்பத்தா வட்டலில் இருந்து ஒரு பருக்கையை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டான். யாரும் கத்தாதீர்கள், கை தட்டாதீர்கள் என்று ஜாடை காட்டினேன். அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அதன் பிறகு சுவை. வாழைப்பழத்தை மசித்து விரல் நுனியில். கெட்டித் தயிர். நாட்டுச்சர்க்கரை போட்ட ராகிக் கூழ், வடிகட்டி, ஸ்பூனைச் சாய்த்தால் சொட்டாமல் மெல்ல வழுகி விழுகிற பதத்தில். விழுங்கப் பழகும் குழந்தைக்குத் தண்ணீர்தான் சுலபம் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் பலருக்கும் தண்ணீர்தான் கஷ்டம், அது வேகமாக ஓடிவிடும். ரசம் சாதம் இன்னும் கஷ்டம்: ஒரே வாயில் ஓடும் நீரும் இருக்கிறது, மெல்ல வேண்டிய பருக்கையும் இருக்கிறது. நாங்கள் அரிசிம்பருப்பைக் குழைய வேகவைத்து, முதலில் மத்தால் நைசாகக் கடைந்து, அப்புறம் கரண்டியால் மசித்து, அப்புறம் விரலால் மட்டும் பிசைந்து என்று ஒவ்வொரு பதமாகத்தான் போனோம். ஒவ்வொரு பதத்திலும் வாரக்கணக்கில் நின்றோம். இடியாப்பம் போன்ற சந்தகை தேங்காய்ப்பாலில் ஊறியதும் இந்தக் குழந்தைகளுக்கு நன்றாகப் போகும் என்று நினைத்தேன், எங்கள் பையனுக்கு அந்த நூல் போன்ற இழை குமட்டியது. எல்லாக் குழந்தையும் ஒன்றில்லை.

புது உணவை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவை கூட ஆகலாம். மூன்றாம் தடவை துப்பினான் என்று பட்டியலில் இருந்து எடுத்துவிடாதீர்கள். கடலை, முறுக்கு, சுண்டல், முழுத் திராட்சை போன்றவற்றை மட்டும் பள்ளி வயது வரை கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. பாலையும் தண்ணீரையும் கெட்டிப்படுத்தக் கடையில் கிடைக்கும் பவுடரை, அதுவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, டாக்டர் சொல்லாமல் கலக்காதீர்கள்.

எப்படி உட்கார வைப்பது?

இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடங்கி, பாதம் எதன் மீதாவது ஊன்றியிருக்க வேண்டும். கால் தொங்கினால் குழந்தையின் கவனம் முழுவதும் விழாமல் இருப்பதிலேயே போய்விடும். நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டோம். தலை பின்னால் சாயக் கூடாது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

ட்யூப் பாலை எப்படிக் குறைப்பது?

நீங்களாகக் குறைக்காதீர்கள். டாக்டர், தெரபிஸ்ட், முடிந்தால் உணவியல் நிபுணர் மூவரும் சேர்ந்து போட்ட கணக்கில்தான் இது நடக்க வேண்டும். பசியைப் பயன்படுத்தி இரண்டு மூன்று வாரத்தில் ட்யூபை நிறுத்தும் முறையும் இருக்கிறது, ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர்கள் அதில் பேர் பெற்றவர்கள். அங்கே மருத்துவக் குழு தினமும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் நாம் அதைப் பார்த்துப் பட்டினி போட்டால் அது வேறு காரியம்.

எங்களுக்கு முதலில் செய்தது, இரவெல்லாம் போன பாலைப் பகலுக்கு மாற்றியது. காலை, முற்பகல், மதியம், பொழுதோட, இரவு என்று நம் சாப்பாட்டு நேரத்துக்கு ஐந்து வேளை. நடுவில் எதுவும் இல்லை. வயிறு காலியாவது என்றால் என்ன என்று அவன் அப்போதுதான் கண்டான். வாயால் நாளுக்கு எட்டுப் பத்து ஸ்பூன் பயமில்லாமல் விழுங்கத் தொடங்கிய பிறகு, மொத்தப் பாலில் நாலில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். முதலில் வாயால் சாப்பாடு, இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி. அதற்கு மேல் இழுக்கக் கூடாது. மீதியை ட்யூபில். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்த கால் பங்கு.

இந்த நாட்களில் எடையை வாரம் ஒரு தடவை ஒரே தராசில் பாருங்கள். அங்கன்வாடித் தராசே போதும். சிறுநீர் எத்தனை தடவை போகிறான், எந்த நிறம் என்று குறித்து வையுங்கள். உணவைக் குறைக்கும்போது தண்ணீரையும் குறைத்துவிட்டதாக ஆகும் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரை ட்யூபிலேயே கொடுக்கச் சொல்வார்கள்.

எடை குறைகிறதே?

கொஞ்சம் குறையலாம், அல்லது சில வாரம் ஏறாமல் நிற்கலாம். எவ்வளவு வரை குறையலாம், எந்த எண்ணைத் தொட்டால் நிறுத்த வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் மகனுக்கு ஒரு தடவை அந்த எண் வந்தது. பாலைப் பழையபடி ஏற்றி, ஒன்றரை மாதம் கழித்து மறுபடி தொடங்கினோம். இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது.

போனைக் காட்டி ஊட்டலாமா?

எங்கள் தெரபிஸ்ட் வேண்டாம் என்றார். படத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிற குழந்தை தன் வாயில் நடப்பதைக் கவனிப்பதில்லை. கவனிக்காமல் கற்றுக்கொள்ளவும் முடியாது, புரையும் ஏறும்.

வீட்டில் பெரியவர்கள் கேட்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

அவர்களுடைய பாசத்தில் தப்பு இல்லை. குழந்தை வாயால் ஒரு வாய் உண்ணவில்லை என்பது ஒரு பாட்டிக்கு எவ்வளவு பெரிய வலி என்று நான் பார்த்திருக்கிறேன். என் அம்மா வந்தால் "அமுச்சிக்கு ஒரு வாய், சாமிக்கு ஒரு வாய்" என்று ஸ்பூனோடு துரத்துவார். சண்டை போட்டுப் பலனில்லை. அடுத்த தடவை தெரபிக்கு அவரையே கூட்டிக்கொண்டு போனேன். நான் ஆறு மாதம் சொல்லிக் கேட்காததை தெரபிஸ்ட் பத்து நிமிடம் சொல்லிக் கேட்டார்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் சொன்ன முறை ஒன்று உண்டு: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் முடிவு, சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. இதை ஒரு தாளில் எழுதி சமையல்கட்டுச் சுவரில் ஒட்டினோம். ஒறம்பரை வந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டினேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது நாலு பேர் வந்து "ஏனுங்க, இன்னும் ட்யூபுதானா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க, டாக்டர் பாத்துட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். குழந்தை முன்னால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

வசதி இல்லை. எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தவை. குழந்தை மருத்துவர், பேச்சு தெரபிஸ்ட், பிசியோதெரபிஸ்ட் ஒரே இடத்தில் இருப்பதற்காக ஏற்படுத்தியது, கட்டணம் கிடையாது. அங்கன்வாடிக்கு வரும் அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அனுப்பி வைப்பார்கள். பேச்சு தெரபிஸ்ட் என்றால் பேச வைப்பவர் மட்டும்தான் என்று நினைத்து நான் ஒரு வருடம் போகாமல் இருந்தேன். விழுங்குவதும் அவர்கள் படிப்பில் சேர்ந்ததுதான்.

வயிற்று ட்யூபை எப்போது எடுப்பார்கள்? துளை மூடுமா?

ட்யூபைத் தொடாமல் சில மாதம் எடை ஏறினால், நடுவில் ஒரு சளிக் காய்ச்சலையும் தாக்குப்பிடித்தால், அப்புறம்தான் எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். எங்களுக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். பயன்படுத்தாவிட்டாலும் தினம் தண்ணீர் விட்டு அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்த பிறகு துளை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், சிலருக்குத் தையல் தேவைப்படும். எடுக்கும் காலம் வருவதற்கு முன்பே ட்யூப் தவறிக் கழன்றுவிட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே துளை சுருங்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் பையன் இப்போது என்ன சாப்பிடுகிறான்?

அரிசிம்பருப்பு என்றால் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். இட்லி, பச்சைப்பயறு கடைந்தது, வாழைப்பழம், முட்டை. ஒரு வட்டல் முடிக்க மற்ற பிள்ளைகளைவிட நேரமாகும், அதனால் மதிய உணவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கச் சொல்லி டீச்சரிடம் கேட்டிருக்கிறோம். கறி மெல்லத் தெரியும், ஆனால் பாதியில் துப்பிவிடுவான். தண்ணீரைச் சிறு டம்ளரில் மிடறு மிடறாகக் குடிக்கிறான். சந்தகையை இன்னும் தொடுவதில்லை. தீபாவளிக்குச் சுடும்போது அவன் வட்டல் ஓரத்தில் ஒரு இழை வைப்பேன், அவன் அதை எடுத்து அப்பத்தா வட்டலில் போடுவான்.